பெட்ரோல் மிச்சம் சரி, பாக்கிக் கணக்கு?

தாம்பரத்துக்காரர் 25 லட்சத்துக்கு மின்சாரக் கார் வாங்கினால், பெட்ரோல் மிச்சத்திலேயே போட்ட காசை எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். போட்டுத்தான் பார்ப்போமே. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் பெட்ரோலுக்கு சுமார் 6,700 ரூபாய். கரண்டுக்கு 1,500 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருட மிச்சம் 62,000 சொச்சம். 10 லட்சத்துப் பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகக் கொடுத்த 15 லட்சம் திரும்பிவர 24 வருடம்! கடனுக்கான வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

5 சதவீத ஜிஎஸ்டியைக் காட்டுகிறார். அது அந்த 25 லட்சத்துக்குள் அடக்கம், ஐயா.

"ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போடலாம்" என்கிறார். சேலையூர் அடுக்ககத்தில் கார் நிற்பது ஒரு மூலை, மீட்டர் பெட்டி இன்னொரு மூலை. நடுவில் ஒயர் இழுக்க அசோசியேஷன் தலையசைக்க வேண்டும். வெள்ளம் வந்தால்? பக்கத்து முடிச்சூர் 2015 டிசம்பரில் மூழ்கியது. 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர். பேட்டரிக்குச் சொல்லும் ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதற்கானது. முடிச்சூர் வெள்ளம் அரை மணியில் வடிந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

காற்று மாசுதான் கவலையென்றால், பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. தனி வீடு, மேட்டுத் தெரு, தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டம் உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். நண்பர் அவரிடம் போய்ப் பேசட்டும்.