கடல் முள்ளெலியும் கண்ணாடித் தொட்டியும்

கடல் முள்ளெலியை வீட்டில் வளர்க்கலாமா என்று வள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. காசிமேட்டில் வலையை உதறும்போது மீனோடு மீனாக விழும் அந்த முட்பந்தைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு மாத காலம் ஜலத்தை வளர்க்க வேண்டும்.

இந்தப் பிராணியின் அமைப்பு அப்படி. வாய் அடிப்புறத்தில், அதில் ஐந்து பற்கள். உடம்பெங்கும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள். அவற்றுக்குள் ஓடுவது ஏறக்குறையச் சமுத்திர ஜலமேதான். வெளியே உப்பின் அளவு மாறினால் உள்ளே சரிக்கட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது.

உப்பு ஜலத்துக்கு வள்ளூரில் என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். மீஞ்சூர்ப் பிரதேசத்தில் பூமிக்கடியிலிருந்து அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் உள்ளே புகுந்து கிணறுகள் கரித்துப்போனது உண்மைதான். ஆயினும் அந்தக் கிணற்று ஜலம் சமுத்திர ஜலமாகிவிடாது. சமையலறை உப்பைக் கரைத்தாலும் பயனில்லை. உப்பளத்திலேயே சுண்ணாம்புச் சத்து முன்னதாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கழிவுநீரோடு போய்விடுகிறது. சுண்ணாம்பு இல்லாமல் முள்ளெலி ஓடு கட்டுவது எங்ஙனம்?

அப்படியானால் எண்ணூர்க் கடலில் ஒரு குடம் மொண்டு வரலாமே? 1909-ல் எட்கார் தர்ஸ்டனின் யோசனைப்படி மெரீனாவில் மீன் காட்சிச்சாலை திறந்தபோது, கடலை அடுத்து அதைக் கட்டினார்கள். அன்று கடல் ஜலத்தைச் சந்தேகிக்க யாருக்கும் காரணமில்லை. இன்றோ அனல் மின்நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை சேர்ந்தது. மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடிற்று. கடலுக்குச் சில மைல் தூரத்தில் பிறந்த பையன், கடைக்குப் போய்ப் பொட்டலத்தில் கடலுப்புக் கலவை வாங்கிக் கரைக்க வேண்டியிருக்கிறது. இந்த அவலத்தை எழுதும்போதே நமக்கு வயிறு எரிகிறது. வேறு வழி இல்லை, அதையே வாங்குங்கள்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அடர்த்தி ஏறக்குறைய 1.025. இதை அளக்கும் கருவி, பால்காரர் நடுங்கும் லாக்டோமீட்டருக்குத் தமையன் முறை. தொட்டி நூறு லிட்டருக்குக் குறையவேண்டாம். முதல் மாதம் முள்ளெலியை விடக்கூடாது. பிராணியின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா கொடிய விஷம். அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக அத்தனை நாள் ஆகும்.

வெயிலில் ஜலம் வற்றும், உப்பு வற்றாது. ஆகையால் குறைந்ததற்கு ஈடாகச் சுத்திகரித்த நல்ல ஜலத்தை மட்டுமே விட வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரம் தொட்டியின் பக்கமே வரக்கூடாது. நமக்கு ஆரோக்கியம் என்று செம்பில் ஜலம் பிடித்து வைக்கிறோம். முள்ளெலிக்கோ கரைந்த தாமிரம் துளியளவு இருந்தாலும் யமன்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கஷ்டம் அதிகம். ஜலம் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. காற்றுப் பம்பு நின்றுவிட்டால் ஆபத்து. வள்ளூர் அனல் மின்நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். ஆனாலும் வீட்டில் விளக்கு அணையாது என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டரியில் ஓடும் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஆகாரம் பாசி. தொட்டியில் படிந்ததை இராப்பொழுதில் சுரண்டித் தின்றுவிடும். தீர்ந்தால் கடற்பாசித் துண்டு போடலாம். முட்கள் உதிரத் தொடங்கினால் உடனே ஜலத்தைச் சோதியுங்கள். அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் வனஜீவிச் சட்டம் அதைப் புலிக்குச் சமமாகக் காக்கிறது.

இவ்வளவுக்கும் வசதியில்லாத குழந்தைகள் கடற்கரையில் ஒதுங்கும் வெறும் ஓட்டைத் தேடலாம். நல்ல ஜலத்தில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், குழாய்க் கால்கள் வெளிவந்த ஊசித் துவாரங்கள் ஐந்து வரிசைகளாகத் தெரியும்.