எடை குறைந்தால் ஆட்டம் குறையுமா?

ஆசிரியருக்கு,

குத்துச்சண்டை என்றால் ஹெவிவெயிட் மட்டுமே என்ற எண்ணம் நியாயமற்றது. 2021 மார்ச்சில் டல்லாஸில் 52 கிலோ பிரிவில் மோதிய நிகரகுவாவின் ரோமன் கொன்சாலஸும் மெக்சிகோவின் எஸ்ட்ராடாவும் 12 சுற்றுகளில் 2,500-க்கும் மேற்பட்ட குத்துகளை வீசினார்கள். கடைசிச் சுற்றிலும் வேகம் தளரவில்லை. தீர்ப்பு எஸ்ட்ராடாவுக்குப் போனது. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிறிய உடலில் வீழ்த்தும் பலம் இல்லை என்பார்கள். 1993-இல் லாஸ் வேகாஸில் 49 கிலோ பட்டத்துக்காக மோதிய மைக்கேல் கார்பஹால், இரண்டு முறை விழுந்து எழுந்து, ஹம்பர்ட்டோ கொன்சாலஸை ஏழாம் சுற்றில் நாக்அவுட் செய்தார். பெயர்கள் பழக்கமில்லை என்பது உண்மைதான், காட்டினால்தானே பழகும்? ஜப்பானின் நவோயா இனோவே 2014-இல் முதல் உலகப் பட்டம் வென்றதும் 49 கிலோவில்தான். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இப்பிரிவுகளுக்கும் இடம் தாருங்கள்.