எழுதிக் கொடுத்த சீட்டு

அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோவையில் ஒரு பஞ்சாலையின் ப்ளோ ரூமில் அவருக்கு வேலை. இறுக்கிக் கட்டி வரும் பேல்களைப் பிரித்து, பஞ்சை உதறித் தூசி போக்குகிற முதல் இடம் அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமும் காது மடலும் வெளுத்திருக்கும். குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். முதலில் இருமல் வந்தது, பிறகு நெஞ்சிறுக்கம். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு அவர் போனபோது அம்மா என்னையும் கூட அனுப்பினாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா.

ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே அந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்க, வாரம் பூரா ஒரே மாதிரி இருக்குதா, லீவு முடிஞ்சு போற அன்னிக்கு மட்டும் சாஸ்தியா இருக்குதா?”

“திங்கட்கிழமைன்னா நெஞ்சு மேல கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்க டாக்டர். வியாழன், வெள்ளி ஆச்சுன்னா தேவலைங்க” என்றார் அப்பா.

டாக்டர் தலையசைத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வழியில் நான் அந்தச் சீட்டைப் படித்தேன். நான்கே வரி. பஞ்சாலை, ப்ளோ ரூம், எத்தனை வருட வேலை, திங்கட்கிழமைகளில் நெஞ்சிறுக்கம், நுரையீரலைச் சோதித்துச் சொல்லவும். பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். ஓய்வு நாளுக்கு மறுநாள் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முதல் அடையாளம். ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழில்சார் நோய்களின் பட்டியலிலேயே அதைச் சேர்த்திருந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மில் ஆட்களைத் தினமும் பார்க்கிற ஒரு டாக்டருக்குத்தான் அந்தக் கேள்வி நாக்கில் தயாராக இருக்கும்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பனியன் கம்பெனியில் வேலை. மூன்று மாதமாகத் தலைவலி. சீட்டில் அவள் பெயர், வயது, தலைவலி என்ற ஒரு சொல், ‘மேற்சிகிச்சைக்காக’ என்ற இன்னொரு சொல், கையெழுத்து. “எதுக்கு அனுப்புறாங்கன்னே தெரியலைங்கண்ணா, போகட்டுமா வேண்டாமா?” என்று கேட்டாள். போகச் சொன்னேன். ஆனால் அவள் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நோயாளியைக் கீழிருந்து மேலே அனுப்புவது எது? நோய் மட்டும்தானா?

இந்திய நாட்டின் பழைய சமூகக் காப்பீடு ஈ.எஸ்.ஐ.தான். 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் 1955இல் கோவையில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. இன்று மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருகிறார்கள். சம்பளத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் 3.25 விழுக்காட்டை முதலாளியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். முதல் படி டிஸ்பென்சரி, அடுத்தது ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கேயும் முடியாததற்கு ஒப்பந்தம் போட்ட தனியார் மருத்துவமனை. அவசரம் என்றால் நேரே போகலாம். மற்றபடி ஒவ்வொரு படியையும் தாண்ட ஒரு சீட்டு வேண்டும்.

இந்தச் சீட்டு எழுதுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘எதுக்கெடுத்தாலும் தள்ளிவிடுகிறார்கள்’ என்பது நம் ஊரில் தேய்ந்துபோன புகார். எனக்கு அது பாதிக்குத்தான் சரியாகப் படுகிறது. முதல் படியில் உட்கார்ந்திருக்கிற டாக்டரின் மேசைக்கு எதிரே ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். வெளியே வரிசை வாசல்வரை நீள்கிறது. ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நெஞ்சுவலி என்று ஒருவர் வருகிறார். வாய்வாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி இருந்தால் அங்கேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கருவி இல்லை, அல்லது இருந்தும் இயக்க ஆள் இல்லை என்றால் அந்த டாக்டர் என்ன செய்வார்? அனுப்பத்தான் செய்வார். அனுப்பாமல் வைத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அனுப்பியதற்காக ஒரு டாக்டரின் சட்டையை யாரும் பிடித்ததில்லை. மாத்திரை இருப்பில் இல்லாத நாளிலும் இதே கதைதான். நீரிழிவுக்குத் தேவையான மருந்து தன் அலமாரியில் தீர்ந்துவிட்டது என்றால், அது இருக்கிற இடத்துக்குத்தான் நோயாளியை அனுப்ப முடியும். அந்தச் சீட்டில் நோயின் பெயர் இருக்கும். அனுப்பிய காரணம் காலியான அலமாரி என்பது எங்கேயும் இருக்காது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற தொழிலாளியின் கணக்கு வேறு. மருந்து மட்டும் வாங்கிப்போக அவர் வரவில்லை, லீவுக்குச் சான்றிதழும் அதே டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும். அந்தச் சான்று இருந்தால் நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள் கையில் இருந்தால் சூப்பர்வைசர் மறுபேச்சுப் பேச மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிலர் தாமாகவே கேட்கிறார்கள்: “பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்க சார்.” வேறு சிலர் எழுதிக் கொடுத்தும் போவதில்லை. போனால் ஒரு ஷிப்ட் போகும், பஸ் செலவு, கூட வருகிறவருக்கும் ஒரு நாள் கூலி. அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே கிடக்கும். தேவையில்லாமல் போகிறவரும் தேவையிருந்தும் போகாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று எண்ணிப்பார்ப்பதால் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது.

எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. இந்தோனேசியா 2014 ஜனவரி 1 அன்று நாடு முழுமைக்குமான காப்பீட்டைத் தொடங்கியது. நடத்துவது பி.பி.ஜே.எஸ். கெசெஹாத்தான் என்ற அரசு நிறுவனம். அங்கே ஒவ்வொருவரும் ஒரு முதல்நிலை மருத்துவரிடமோ, புஸ்கெஸ்மாஸ் எனப்படும் சுகாதார நிலையத்திடமோ பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அந்த நிலையத்துக்குப் பணம் போகும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். மேலே இருக்கிற மருத்துவமனைக்கோ நோயின் வகையைப் பொறுத்து ஒவ்வொரு கேசுக்கும் பணம். இந்த ஏற்பாட்டில் முதல் படிக்கு ஒரு சபலம் வரத்தான் செய்யும். தலைக்குப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. நோயாளியை மேலே அனுப்பினால் மருந்துச் செலவும் மிச்சம், நேரமும் மிச்சம். இதைத் தடுக்க அவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். பொதுமருத்துவர் தாமே முழுமையாகக் குணப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டிய நோய்கள் 144 என்று மருத்துவக் கல்வியின் தகுதி வரையறையிலேயே ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் உள்ளதை, சிக்கல் எதுவும் இல்லாதபோது, மேலே அனுப்பினால் அது கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு நிலையத்துக்கு வரும் தலைக்கட்டுப் பணத்தோடு பிணைக்கப்பட்டது.

எனக்கு இதில் ஒரு பகுதி பிடிக்கிறது, ஒரு பகுதி அச்சம் தருகிறது. ‘இதை நீங்களே பார்க்க வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்வது பிடிக்கிறது. நம் ஊர் டாக்டர்களுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் 144 நோயையும் பார்க்கச் சொல்கிறவர்கள் அதற்கான மருந்தும் சோதனைக்கூடமும் ஆளும் தந்தார்களா? தீவுக்குத் தீவு படகில் போக வேண்டிய நாடு அது. ஜகார்த்தாவின் நிலையமும் கிழக்கே ஒரு சின்னத் தீவின் நிலையமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், மருந்தில்லாத நிலையம் அனுப்பவும் பயந்து, வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் தவிக்கும். அந்தத் தவிப்பின் விலையை டாக்டர் கொடுப்பதில்லை, நோயாளிதான் கொடுக்கிறார்.

நம் பக்கம் பணம் வேறு விதமாக இழுக்கிறது. டிஸ்பென்சரி டாக்டருக்கு அரசு சம்பளம். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது மாறாது. இழுவிசை இருப்பது மேலே. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் முதலமைச்சர் திட்டமும் அதோடு இணைந்து நடக்கிறது. பெரிய உதவிதான். அந்தக் காப்பீட்டு அட்டையால் உயிர் பிழைத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் பிரதமரின் திட்டம் மருத்துவமனையில் படுத்தால்தான் கை நீட்டும். சர்க்கரை மாத்திரைக்கும் மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கும் அந்த 5 லட்சத்திலிருந்து ஒரு ரூபாய் வராது. அதே ஆளுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்து அறுவைச் சிகிச்சை என்றால் பணம் வரும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இலவசமாக மாத்திரை தருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதுவும் இல்லாத மாநிலங்களில் காப்பீடு என்ற சொல்லே மக்களைப் பெரிய ஆஸ்பத்திரியின் பக்கம் பார்க்க வைத்துவிடுகிறது. கீழ்ப்படிக்குப் பணமில்லை, மேல்படிக்குப் பணமிருக்கிறது என்றால் நோயாளி எங்கே நடப்பார் என்று யாரும் ஆராயத் தேவையில்லை.

அனுப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். திரும்பி வருவதைப் பற்றி அநேகமாக யாருமே பேசுவதில்லை. இந்தோனேசியத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, வலிப்பு உட்பட 9 நாள்பட்ட நோய்களில், நிலைமை கட்டுக்குள் வந்ததும் நிபுணர் ஒரு கடிதத்தோடு நோயாளியைப் பழைய டாக்டரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ‘ருஜுக் பாலிக்’ என்று அதற்குப் பெயர், திருப்பி அனுப்புதல் என்றே பொருள். நிபுணரைப் பார்த்து ருசி கண்டவர்கள் இறங்கி வரத் தயங்குகிறார்கள், கீழே மருந்து இல்லாமல் போகிறது என்று அங்கேயும் சிக்கல்கள் உண்டு. இருந்தாலும் திரும்பி வருவதற்கு ஒரு பாதை உண்டு என்று எழுதியாவது வைத்திருக்கிறார்கள். மேலே போன நோயாளி கடிதத்தோடு திரும்பி வந்தால் கீழே இருக்கும் டாக்டருக்குக் கற்றுக்கொள்ளக் கிடைக்கும். அடுத்த தலைவலியை அனுப்ப வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா என்று அவருக்கே தெரிய வரும். எழுதிய சீட்டுக்குப் பதிலே வராத டாக்டர் ஒரு கட்டத்தில் நான்கு வரி எழுதுவதை விட்டுவிட்டு ஒரு சொல் எழுதத் தொடங்குகிறார். எதிர்வீட்டுப் பெண்ணின் சீட்டை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள், நன்றாகவே கவனித்தார்கள். அனுப்பும்போது மாத்திரை கொடுத்தார்கள். கடிதம் எதுவும் தரவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. மறுவாரம் டிஸ்பென்சரிக்குப் போனோம்.

“அங்க என்னங்க சொன்னாங்க?” என்று டாக்டர் ஆவலோடு கேட்டார்.

“நல்லாத்தானுங்க பார்த்தாங்க” என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

டாக்டர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாத்திரை அட்டையாச்சும் வெச்சிருக்கீங்களா?” என்றார். அப்பா மஞ்சப்பையிலிருந்து காலியான அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். வெளியே வரிசை காத்திருந்தது. டாக்டர் ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்தில் திருப்பி, பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்து, அப்பாவின் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.