குதிக்காலில் எடுத்த இரத்தம்



டென்மார்க்கில் பிறந்த உங்களில் அநேகமாக எல்லாருக்கும், பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்திருப்பார்கள். அபூர்வமான பிறவி நோய்களை நேரத்தோடு கண்டுபிடிக்கும் நல்ல சோதனை அது. ஆனால் சோதனை முடிந்ததும் அந்த இரத்தம் பட்ட காகிதத்தை எறிவதில்லை. 1982 முதல் கொப்பன்ஹேகனில் உள்ள ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிடியூட் அவற்றைக் குளிரில் பத்திரப்படுத்தி வருகிறது. மனநோய்களின் காரணம் தேடும் 'ஐசைக்' ஆய்வில் பல்லாயிரம் பேருடைய இரத்தத்துளிகள் பயன்பட்டன. நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. உரியவர்களைத் தனித்தனியாகக் கேட்கவில்லை.

சேமிக்க வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம். ஆனால் பிள்ளை பெற்ற களைப்பில் இருக்கும் தாயிடம் தாதிமாராகிய நாங்கள் இதை டெனிஷ் மொழியில் சில நிமிடத்தில் சொல்லி முடிக்கிறோம். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார். அதைச் சம்மதம் என்று எழுத எங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்கள் பெரியவர்களுக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே ஒரு பயம். அதற்குக் காரணம் உண்டு. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், சட்டப்படி உரிமை இருந்தும், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு மனைவி பிள்ளைகளுக்காக ஏங்கிக் கிடந்த தலைமுறை இது. இன்று ஒரு சுகாதார ஆய்வுக் கடிதம் வந்தால், சிலர் மூடி வைக்கிறார்கள். சிலர் மறுத்தால் பிரச்சினை வருமோ என்று கையெழுத்துப் போடுகிறார்கள். 'அணுகக் கடினமானவர்கள்' என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுவார்கள். (யார் யாரை அணுகினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.)

தானியேல் முதலாம் அதிகாரத்தை ஒருமுறை பாருங்கள். அதுவும் ஒரு பரீட்சைதான்: பத்து நாள், மரக்கறியும் தண்ணீரும். ஆனால் அதைக் கேட்டது, சோதிக்கப்பட இருந்த தானியேலே. எத்தனை நாள், முடிவில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் மேல்ஷாரோடு முன்னமே பேசியாயிற்று.

அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ அப்படிக் கடிதம் வந்தால், பக்கத்தில் இருந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள். யார் கேட்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், இடையில் விலகலாமா, விலகினால் வைத்தியத்தில் ஏதும் குறையுமா என்று கேட்டு எழுதுங்கள். ஆராய்ச்சியாளர் சபைக்கு வந்தால் ஆராதனை முடிய தேநீருக்கு இருக்கச் சொல்லுங்கள். முடிவு தெரிந்ததும் அதைச் சொல்லத் திரும்பி வருவார்களா என்பதை அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள்.