சரியாகச் சொன்னாலும் 200 ரூபாய் போச்சா?



நீட் தேர்வு நடந்த ஞாயிறு மாலை, சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில் வந்தேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் பின் சீட்டுப் பிள்ளைகள் வினாத்தாளை மடியில் விரித்து, "நீ மூணா போட்ட? நான் நாலு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வாழப்பாடி வருவதற்குள் ஒரு பெண் அழுதுவிட்டாள். சரியானால் நாலு மார்க், தப்பானால் ஒன்று கழியும், அழுகை வராதா?

இப்படி விடைகளை ஒப்பிடுவதை வீண்வேலை என்று நான் சொல்ல மாட்டேன். 2024-இல் அணு பற்றிய இயற்பியல் கேள்வி ஒன்றுக்குப் பழைய என்சிஇஆர்டி புத்தகப்படி ஒரு விடை, புதியதன்படி இன்னொன்று. தேசியத் தேர்வு முகமை இரண்டுக்கும் மார்க் போட்டது. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களைக் கேட்ட பிறகுதான் ஒரே விடை என்று முடிவானது. முழு மதிப்பெண் 720 எடுத்ததாக முதலில் அறிவிக்கப்பட்டவர்கள் 67 பேர். சிலருக்கு நடந்த மறுதேர்வும் இந்தத் திருத்தமும் முடிந்தபோது 17 பேர்.

ஆனால் முகமையின் விடைக்குறிப்பை ஆட்சேபிக்கக் கேள்விக்கு 200 ரூபாய். ஆட்சேபம் சரியென்று ஏற்றாலும் பணம் திரும்பாது. ரயில்வே தேர்வு வாரியம் 50 ரூபாய்தான் வாங்குகிறது, சரியாக இருந்தால் திருப்பியும் தருகிறது. சேகோ ஆலைக் கூலியில் படிக்கும் பிள்ளை ஐந்து கேள்வியில் சந்தேகப்பட்டால் ஆயிரம் ரூபாய். அதற்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். தேசியத் தேர்வு முகமை அடுத்த ஆண்டிலிருந்தாவது ரயில்வே வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும்.

– ஒரு பெற்றோர், வாழப்பாடி