நூலக வரி கட்டுகிறோம். நூலகத்தை நடத்துவது யார்?

பெங்களூரில் சொந்தமாக ஒரு சிறு வீடாவது உள்ளவர்கள், வீட்டு வரி ரசீதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். வரித் தொகைக்குக் கீழே ‘செஸ்’ என்று ஒரு தொகை போட்டிருக்கும். எவ்வளவு என்று பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோமே தவிர, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சுகாதாரத்துக்கு ஒரு பங்கு, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு ஒரு பங்கு, நூலகத்துக்கு ஒரு பங்கு என்று அதில் அடக்கம். நூலகத்தின் பங்கு, வரி நூறு ரூபாய்க்கு 6 ரூபாய். ‘எனக்கு வீடு இல்லை, வாடகைக்குத்தான் இருக்கிறேன்’ என்று ஸ்ரீராமபுரத்திலும் மர்பி டவுனிலும் இருக்கும் நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வீட்டுக்காரர் இந்த 6 ரூபாயைத் தம் கையிலிருந்து போடுவதில்லை. வாடகையில் அது வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆக, நூலகம் அரசாங்கம் நமக்குச் செய்யும் தர்மம் அல்ல. பஸ்ஸில் டிக்கெட் வாங்கிவிட்டு உட்காருகிறவனுக்கு உள்ள உரிமை நமக்கும் நூலகத்தில் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரம் 1965ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். அப்போது இது மைசூர் மாநிலம். நூலகத்துக்கென்று தனி வரி வேண்டும், அதை நிர்வகிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்ற எண்ணத்தை இந்தியாவில் விடாப்பிடியாகச் சொல்லிவந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1948இல் சென்னை மாகாணத்தில் நாட்டிலேயே முன்னோடியான நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய இருபதாண்டு உழைப்பே காரணம். பல மாநிலங்களுக்கு மாதிரி மசோதா எழுதிக் கொடுத்தவரும் அவரே. 1957இல் பெங்களூருக்குக் குடிவந்தார். 1962இல் இங்கே நூலக ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் இதே ஊரில் காலமானார். வெளியூர் வந்து வேலை பார்த்த தமிழர் என்ற முறையில் அவர் நம்மில் ஒருவர்தான். நம்மவர் சங்க விழாக்களில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது போகட்டும்.

தனி வரி ஏன்? நூலகத்துக்கான பணத்தைப் பொது பட்ஜெட்டில் வைத்தால், சாலை, சாக்கடை, சம்பளம் எல்லாம் போக மிஞ்சினால்தான் புத்தகம். மிஞ்சுவதில்லை. அதனால்தான் வரி ரசீதிலேயே தனியாகக் கோடு போட்டு வசூலித்து, நூலக நிதியில் சேர்த்துவிட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். வசூலிப்பது மாநகராட்சி. செலவழிக்க வேண்டியது நூலக ஆணையம். மாநகராட்சி இங்கே வெறும் தபால்காரர்தான்.

தபால்காரர் மணியார்டரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. பெங்களூர் மாநகராட்சி வசூலித்த நூலக செஸ்ஸைக் கொடுக்காமல் பல நூறு கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக இந்த ஊர்ப் பத்திரிகைகள் கடந்த பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டன. ரெயில்வேயில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இது விசித்திரமாகப் படுகிறது. புக்கிங் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தா தம் ஷிப்டு முடிந்ததும் வசூலைக் கணக்குக் கட்டி ஒப்படைத்தாக வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் தம் பையிலிருந்து போட வேண்டும். ஒரு நாள் வசூலை ‘அப்புறம் தருகிறேன்’ என்று வைத்துக்கொண்டால் மறுநாள் சஸ்பென்ஷன் உத்தரவு வந்துவிடும். ஊரார் நூலகத்துக்கென்று கொடுத்த காசை வருஷக்கணக்கில் வேறு செலவுக்குத் திருப்பியவர்கள் மேல் அப்படி எந்த உத்தரவும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. பணமே இல்லை என்றால் கஷ்டம் புரியும். பணம் வந்தது. நூலகத்துக்குப் போகவில்லை.

இதன் பலனை அனுபவிப்பவர்கள் யார்? வசதியானவர்கள் கடையில் புத்தகம் வாங்கிக்கொள்வார்கள். பல கிளை நூலகங்கள் வாடகைக் கட்டிடத்தில் இருக்கின்றன. வாடகை பாக்கி என்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறைக்கு இடம் மாறும். மழை வந்தால் அலமாரி நனையும். நாளிதழ்களில் நாலு குறையும். குறைக்கும்போது முதலில் நிற்பது தமிழ்ப் பத்திரிகை. நிறுத்துவதற்குப் பெரிய சதி ஒன்றும் தேவையில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்து நூலகத்தில் கன்னடப் புத்தகங்கள் நிறைய இருப்பது நியாயம். அப்படித்தான் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அவற்றைப் படிக்கப் பழகுவது நமக்கும் நல்லது. நான் பேசுவது எண்ணிக்கைச் சண்டை அல்ல. தமிழர் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் வார்டில் ஓர் அலமாரித் தமிழ்ப் புத்தகமும் இரண்டு தமிழ் நாளிதழும் கேட்பது யாருடைய பங்கையும் பறிப்பதாகாது. அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் நல்ல நூலகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1950இல் தொடங்கிய சங்கம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பீன்யாவில் ஷிப்டு முடித்து வருகிறவர் இரண்டு பஸ் மாறி அல்சூருக்குப் போய்ப் படித்துவிட்டு வர முடியுமா?

எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த மொழியில் எத்தனை, எந்த வார்டில் கிளை, எத்தனை மணிக்குத் திறப்பது, எந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் தானாக நடப்பவை அல்ல. இவற்றை முடிவு செய்யச் சட்டப்படி ஆணையங்கள் இருக்கின்றன. மாநில ஆணையத்துக்குக் கல்வி அமைச்சர் தலைவர். நகரத்துக்கு நகர நூலக ஆணையம். அதில் மாநகராட்சியின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அந்த ஆணையம் எப்போது கூடியது, என்ன தீர்மானம் செய்தது என்று நம் வார்டு நூலகத்தின் பலகையில் யாராவது படித்ததுண்டா? சினிமாக் கொட்டகையின் காட்சி நேரம் தெரிகிற அளவுக்குக்கூட, நம் வரியைச் செலவழிக்கும் கூட்டத்தின் தேதி நமக்குத் தெரிவதில்லை.

நேர விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலக நேரம் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தை ஒட்டியே அமைகிறது. பென்ஷன்தாரருக்கும் மாணவருக்கும் அது சரி. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் மத்தியானம் திரும்பித் தூங்கி எழுந்து எட்டு மணிக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். இரவு ஷிப்டுக்காரர் காலையில் வந்தால் பேப்பர் இன்னும் பிரிக்கப்பட்டிருக்காது. தொழிற்பேட்டைப் பகுதியில் மட்டுமாவது இரவு பத்து மணி வரை திறந்துவைக்க ஒரு தீர்மானம் போதும். கூடுதலாக ஒரு ஆள் சம்பளம், விளக்குச் செலவு. இதைக் கூட்டத்தில் யார் எழுப்புவார்? ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் எழுப்புவார்.

உறுப்பினர் சேர்க்கையும் அப்படித்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ரெயில்வே தேர்வுக்குப் படித்தது முழுக்க நூலகங்களில்தான். ஒரு கிளையில் முகவரிச் சான்று இல்லாததால் புத்தகம் வீட்டுக்குத் தரவில்லை. பொது அறிவுப் புத்தகம் இருந்த கண்ணாடி அலமாரியின் சாவி எப்போதும் லீவில் இருக்கும் ஒருவரிடம் இருந்தது. நூலகர்மேல் எனக்குக் கோபம் இல்லை. புத்தகம் தொலைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நீக்குவதற்கு விதியை மாற்ற வேண்டியவர் நூலகர் அல்ல, மேலே கூடும் ஆணையம்தான்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம நூலகங்களே தாலுகா அளவில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு மேல் மாவட்டக் கவுன்சில், அதற்கு மேல் மாநில நூலகக் கவுன்சில். 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலைச் சங்கத்தின் வழியில் வந்த அமைப்பு அது. அங்கும் கட்சிகள் புகுந்துவிடுகின்றன, தேர்தலில் சண்டையும் வரும். வரட்டுமே. நூலகத்துக்காகச் சண்டை போடும் ஊர், நூலகம் இருப்பதே தெரியாத ஊரைவிட எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். நம் ரெயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளிலும் கமிட்டித் தேர்தல் உண்டு. காரம் போர்டுக்கும் ஷட்டில் மைதானத்துக்கும் அணி கட்டி மோதுகிறோம். நூலகத்துக்கு என்று ஓட்டுக் கேட்டு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேலே உட்கார்ந்து எடுக்கும் ஒரு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னை சாட்சி. 2010 செப்டம்பரில் திறந்த எட்டு மாடி அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட்டவர்களால், உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் அது நூலகமாகவே பிழைத்தது. கர்நாடகத்தில் 2019இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து எடுத்துப் பஞ்சாயத்து ராஜ் துறையிடம் கொடுத்தார்கள். பஞ்சாயத்துக்குப் பக்கத்தில் பணமும் கட்டிடமும் இருப்பதால் பல ஊர்களில் நன்மை விளைந்தது என்றே சொல்ல வேண்டும். முடிவு நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சல்ல. இரண்டு முடிவிலும் வாசகனை யாரும் கேட்கவில்லை.

வாசகன் அக்கறையற்றவன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மைசூரில் ஒரு கூலித் தொழிலாளி தம் கைக்காசைப் போட்டு ஒரு கொட்டகையில் நூலகம் நடத்திவந்தார். கன்னடம், ஆங்கிலம், உருது, தமிழ் என்று தினசரிகளை வாங்கிப் போட்டார். 2021 ஏப்ரலில் அது தீயில் எரிந்தது. சுமார் 11,000 புத்தகங்கள் சாம்பலாயின. செய்தி வந்த சில நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் பணமும் புத்தகமும் அனுப்பினார்கள். தினக்கூலியில் நாலு மொழிப் பத்திரிகை வாங்க ஒருவரால் முடிந்தது. வரி வாங்கும் ஊராட்சிக்கு என்ன கஷ்டம்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவுக்கு வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். மன்றமே இல்லாதபோது நூலக ஆணையத்தில் நம் பிரதிநிதி யார்? 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை எடுத்துவிட்டு ஊரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். வீடு பிரிக்கும்போது பாத்திரம் பண்டத்தைப் பங்கு போட அண்ணன் தம்பி எல்லோரும் ஓடி வருவார்கள். கடனைப் பங்கு போடும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். பழைய நூலகப் பாக்கியை எந்த மாநகராட்சி எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். இனி வசூலாகும் செஸ், வசூலான மாதத்திலேயே நூலக நிதிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஆணையத்திலும் வாசகர் தரப்பில் இருவராவது வேண்டும். தீர்மானங்கள் கிளை நூலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். புதிய மன்றங்களுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், குடிநீர், சாக்கடை கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்கலாம்.

அதற்குமுன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வார்டுக் கிளைக்குப் போய் உறுப்பினராகுங்கள். வேண்டிய தமிழ்ப் புத்தகத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத கோரிக்கை எந்த ஆபீஸிலும் கோரிக்கை அல்ல. குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன். செஸ் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். கோபத்தைக் கொட்ட அதில் இடம் இல்லை, கேள்விக்கு மட்டும்தான் இடம். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள், பதில் சீக்கிரம் வரும். எழுத வராதவர்கள் இங்கே பள்ளிக்கூடம் போகும் தங்கள் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எழுதித் தந்துவிடும்.