வேலையை விட்டால் நாட்டையும் விட வேண்டுமா?

தொழிலாளிக்கு உள்ள உரிமைகளில் மிக எளியது, வேலையை விட்டு விலகும் உரிமை. சங்கம் அமைக்கவும் வழக்குத் தொடுக்கவும் பணமும் காலமும் துணையும் வேண்டும். "நாளை முதல் வரமாட்டேன்" என்று சொல்ல அவை எதுவும் வேண்டியதில்லை. தொழிலாளி என்றேனும் அப்படிச் சொல்லிவிடக்கூடும் என்ற எண்ணமே பல முதலாளிகளை உரிய நாளில் கூலி கொடுக்க வைக்கிறது. அயல்நாட்டுத் தொழிலாளிக்கு ஒரே முதலாளியின் பெயரில் வழங்கப்படும் வேலை அனுமதி இந்த உரிமையைத்தான் பறித்துக்கொள்கிறது.

கனடாவின் தற்காலிக அயல்நாட்டுத் தொழிலாளர் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி முதலாளி அரசிடம் எல்எம்ஐஏ எனப்படும் தொழிற்சந்தை மதிப்பீட்டைப் பெறுகிறார். அதைக் கொண்டு வரும் தொழிலாளியின் அனுமதியில் அந்த முதலாளியின் பெயர் குறிக்கப்படுகிறது. அடுத்த ஊரில் கூடுதல் கூலிக்கு வேலை இருந்தாலும் அவர் எழுந்து போய்விட முடியாது. புதிய முதலாளி புதிய மதிப்பீடு பெற வேண்டும். தொழிலாளி புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குத் தங்குமிடமும் முதலாளி தருவதே. ஆகவே வேலை போகும் நாளில் கூலி, கூரை, அந்நாட்டில் இருப்பதற்கான காரணம் ஆகிய மூன்றும் ஒருங்கே போகின்றன. இந்த நிலையில் இருப்பவர், மிகைநேரக் கூலி எங்கே என்று எவ்வளவு உரக்கக் கேட்டுவிட முடியும்?

2023ஆம் ஆண்டு கனடாவுக்குச் சென்று ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா, இத்தகைய அனுமதி முறை தற்கால அடிமைத்தன வடிவங்கள் வளர்வதற்கு ஏற்ற நிலமாக இருப்பதாகக் கூறினார். அதைக் கைவிடுமாறும் பரிந்துரைத்தார். அரசின் தரப்பிலும் ஒரு மறுமொழி உண்டு. பணியிடங்களில் சோதனை நடக்கிறது. விதி மீறும் முதலாளிகளுக்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. கொடுமைக்கு ஆளானவருக்கு 2019 முதல் எவரிடமும் வேலை செய்ய இடந்தரும் திறந்த அனுமதி கிடைக்கிறது. இவை பயனற்றவை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்தத் திறந்த அனுமதியைப் பெற, தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொழிலாளியே எடுத்துக்காட்ட வேண்டும். பெற்றாலும் அது பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அதன் பின்னர் அவர் மீண்டும் ஒரு முதலாளியின் பெயரைத் தேடிப் போக வேண்டியவரே.

முதலாளியின் பெயருக்கு இத்தனை வலிமை இருக்குமானால் அதற்கு விலையும் உண்டாகும். எல்எம்ஐஏவுக்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது கனடாவில் சட்டத்திற்குப் புறம்பானது. எனினும் அது பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுவதைக் கனடா ஊடகங்கள் பலமுறை வெளிக்கொணர்ந்துள்ளன. நிரந்தரக் குடியுரிமைத் தேர்வில் வேலைவாய்ப்புக்கு அளிக்கப்பட்டுவந்த கூடுதல் மதிப்பெண்ணை நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. இந்த விற்பனையைத் தடுப்பதையே அதற்குக் காரணமாகவும் காட்டியது. மதிப்பெண் நீங்கியது, முதலாளியின் பெயர் மட்டும் அனுமதித் தாளில் அப்படியே நிற்கிறது.

தமிழர்களுக்கு இது முன்பின் அறியாத கதையன்று. இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதித்தந்த சீட்டு அது. ஆங்கிலேய அதிகாரிகளின் ஆவணங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லே இடம்பெற்றது. 1921இல் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அன்றைய துண்டும் இன்றைய அனுமதியும் ஒன்றல்ல. இன்று ஒப்பந்தம் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆயினும் ஒருவர் எங்கே உழைப்பது என்பதை இன்னொருவர் கையிலுள்ள தாள் தீர்மானிக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

அனுமதியைத் திறந்துவிட்டால் பண்ணைகள் வெறிச்சோடும், அழைத்துவரச் செலவிட்ட பணம் வீணாகும் என்று முதலாளிகள் வாதிடுகின்றனர். கவலை பொய்யன்று, ஆனால் உள்ளூர்த் தொழிலாளியைப் பழக்கி வேலைக்கு வைப்பவருக்கும் அந்த இழப்பு அச்சம் உண்டு. அவர் கூலியை உயர்த்தித்தான் ஆளைத் தக்கவைத்துக்கொள்கிறார். மேலும், கனடா திறந்த அனுமதியே தராத நாடன்று. அங்கே பட்டம் முடித்த அயல்நாட்டு மாணவர்கள் பலருக்குத் தருகிறது. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜப்பான் முதலிய நாடுகளின் இளைஞர்களுக்கு விடுமுறையோடு வேலையும் பார்க்கும் திட்டத்தில் தருகிறது. அவர்களுக்குத் தகும் உரிமை தக்காளி பறிப்பவருக்கு மட்டும் ஏன் தகாது? உடனே முழுவதும் திறக்க இயலாதெனில், வேளாண்மைத் துறைக்குள் எந்தப் பண்ணைக்கும் செல்லலாம் என்றாவது தொடங்கலாம்.

சட்டத்தை மாற்றுவதோடு பணி முடிந்துவிடாது என்பதற்கு வளைகுடா சான்று. முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறலாம் என்று 2020இல் கத்தார் சட்டம் திருத்தியது; பெரிய மாற்றம்தான். ஆனால் விலகும் தொழிலாளி "ஓடிப்போனவர்" என்று முதலாளி புகார் அளிக்கும் வழி அடைபடாததால், பலருக்கு அந்த உரிமை தாளிலேயே நின்றுவிட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன.

இந்தியாவிடம் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உள்ளது. அதன்கீழ் ஆட்சேர்ப்பு முகவர்களுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்முன் அரசின் ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது. புறப்படும் வாசலில் இத்தனை காவல் வைக்கும் அரசு, போய்ச்சேரும் இடத்தில் வெளியேறும் வாசல் திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பிற நாடுகளோடு செய்துகொள்ளும் தொழிலாளர் உடன்பாடுகளில் கூலி, காப்பீடு ஆகியவற்றோடு முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் ஒரு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். விலக முடியாத தொழிலாளியின் மற்ற உரிமைகள் அனைத்தும் முதலாளியின் நல்ல மனத்தை நம்பியே இருக்கின்றன.